சாணி எண்ணியவர்கள்: காவிரிக் கரைக் காடு சரணாலயம் ஆன கதை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி தாண்டி உரிகம் பக்கத்துக் காட்டில், மே மாதத்து வெயிலில், நூல் பிடித்த மாதிரி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முள்ளுப்புதர் வந்தாலும் பாறை வந்தாலும் கோட்டை விட்டு விலகக் கூடாது. விலகினால் கணக்கு கெட்டுவிடும். முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர், நடுவில் வனக்காப்பாளர், கடைசியில் நோட்டும் அளவு நாடாவுமாக நான். யானைச் சாணம் கண்ணில் பட்டால் நின்று, கோட்டிலிருந்து அது எத்தனை மீட்டர் தள்ளிக் கிடக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். காவலர் ஒரு குவியலைக் குச்சியால் புரட்டினார். "நேத்து ராத்திரி போட்டதுண்ணா. உள்ள ஈரம் இருக்குது பாருங்க." புரட்டினதில் நாலு மாங்கொட்டை உருண்டது. "சாமி தோப்புக்குப் போயிட்டு வந்திருக்குது" என்று சிரித்தார். எங்கள் பக்கம் காட்டுக்குள் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த வேலைக்குச் சாணக் கணக்கெடுப்பு என்று பெயர். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதன் கணக்கு நேர்த்தியானது. ஒரு யானை ஒரு நாளைக்குச் சுமார் 16 தடவை சாணம் போடும். போட்ட சாணம் மக்கி மறைய எத்தனை நாள் ஆகிறது என்பதும் அந்தந்தக் காட்டில் பார்த்து வைத்ததுதான். நேர்கோட்டில் நடந்து எண்ணினால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை குவியல் என்று தெரியும். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், யானையையே பார்க்காமல் எத்தனை யானை என்று சொல்லிவிடலாம். மூன்று நாள் நடக்கும் கணக்கெடுப்பில் முதல் நாள் ஒவ்வொரு பகுதியாகச் சுற்றி நேரில் எண்ணுவது, இரண்டாம் நாள் சாணம், மூன்றாம் நாள் தண்ணீர்க் குட்டை ஓரம் மறைந்து உட்காருவது. 2023 மே மாதம் அண்டை மாநிலங்களோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இப்படி எண்ணியதில் தமிழ்நாட்டுக்கு 2,961 யானை என்று வந்தது. அடுத்த ஆண்டு 3,063. செய்தித்தாளில் ஒரு வரியாக வரும் இந்த எண்ணுக்குப் பின்னால் முள் குத்தின கால்கள் நிறைய உண்டு.

கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சரணாலய அறிவிப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் சாணத்திலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. 2022 நவம்பரில் அதையொட்டி 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்குச் சரணாலயம் என்று அறிவித்தது. இரண்டாவது அறிவிப்பு வந்தபோது 35 வகைப் பாலூட்டிகள், 238 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த 238-ஐ எண்ணியது யார்? ஒரு அதிகாரி ஒரு வாரத்தில் எண்ணி முடிக்கக்கூடிய பட்டியல் இல்லை அது. வனத்துறையின் கீழ்மட்ட ஊழியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைனாகுலரோடு பைக் எடுத்துக் கிளம்பும் தன்னார்வக் குழுக்களும் பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் இல்லாமல் அப்படி ஒரு பட்டியல் வராது. எங்கள் பகுதிப் பாதுகாப்புக் குழுக்களின் சாதனை என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது அந்த நோட்டுப் புத்தகங்களைத்தான்.

நோட்டுப் புத்தகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தக் காடு ரொம்ப நாள் வெளியாருக்குப் பூட்டிக் கிடந்தது. சந்தன மரமும் தந்தமும் போன காலம் அது. காவிரிக்கு அந்தப் பக்கம் கோபிநத்தம், இந்தப் பக்கம் பென்னாகரம், அஞ்செட்டி என்று இரு கரையும் வீரப்பன் பெயரில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. கோபிநத்தத்து மக்களோடு பழகி, அவர்கள் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்த கர்நாடக வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரலில் பாலாறு பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அதிரடிப்படை உள்ளே, கடத்தல்காரர்கள் உள்ளே, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் காட்டோரத்துச் சனங்கள். பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யார் அங்கே போவார்கள்? 2004 அக்டோபர் 18-ம் தேதி ராத்திரி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் பற்றி நினைத்துப் பார்க்கவே முடிந்தது. பக்கத்து முதுமலையிலும் பந்திப்பூரிலும் எண்பதுகளிலேயே யானை ஆராய்ச்சி வேரூன்றிவிட்டது. எங்கள் மேலகிரி மலையில் எந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் இல்லை. இருக்கிறது என்று எழுதி வைக்காத காடு, இல்லாத காடு மாதிரிதான். கல்குவாரி கேட்கிறவனுக்கும் ரோடு போடுகிறவனுக்கும் அதைவிட வசதி வேறு கிடையாது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. அரூர் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊர்ச் சனங்களுக்குச் செய்த கொடுமையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த மாவட்டத்தில் காட்டைக் காப்பாற்றுவோம் என்று யார் கிளம்பினாலும், எதிரில் உட்கார்ந்திருக்கும் மலையாளிப் பழங்குடிக்கோ இருளருக்கோ காக்கிச் சட்டை என்றால் என்ன ஞாபகம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பேச்சை எடுக்க வேண்டும். தெரியாமல் வந்த குழுக்கள் சில, ஒரு பேனரும் ஒரு குரூப் போட்டோவுமாகப் போய்விட்டன. நின்றவை, வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தவை.

நின்றவற்றில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது ஓசூரின் கென்னத் ஆண்டர்சன் இயற்கைச் சங்கம். பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆண்டர்சன் (1910–1974) வேட்டைக்காரர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் என்று நம் ஊர்களில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்டு, அந்தக் கதைகளை எழுதிப் பேர் வாங்கினவர். வேட்டைக்காரன் பெயரில் பாதுகாப்புச் சங்கமா? என் பார்வையில் இது பெரிய முரண் இல்லை. ஜவளகிரி என்ற சொல்லை உலகத்தில் நாலு பேர் தெரிந்து வைத்திருந்ததே அந்த மனிதர் எழுதினதால்தான். துப்பாக்கி போய்விட்டது. ஊர்ப் பெயர்கள் மிஞ்சின. அவற்றைத் தேடிக்கொண்டு பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வேலை பார்க்கிற இளைஞர்கள் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் தங்கிவிட்டார்கள். வனத்துறையோடு சேர்ந்து தானியங்கி கேமரா வைப்பது, பறவைப் பட்டியல் தயாரிப்பது என்று ஓசூர் வனக்கோட்டத்தில் அவர்கள் செய்த வேலைகள் சத்தமில்லாதவை.

தானியங்கி கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டி வைத்துவிட்டு வரும் பெட்டி அது. முன்னால் உடம்புச் சூடு அசைந்தால் படம் எடுக்கும். முப்பது நாள் கழித்துப் போய் மெமரி கார்டைப் பார்த்தால் ஆயிரம் படத்தில் தொள்ளாயிரம் மாடு. விறகுக்குப் போகும் அம்மா. ஒரு முள்ளம்பன்றி. மறுபடி மாடு. அப்புறம் ராத்திரி ரெண்டே காலுக்குச் சிறுத்தையின் பக்கவாட்டு உடம்பு, புள்ளிகள் தெளிவாக. சிறுத்தையின் புள்ளி அமைப்பு நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதை வைத்துத்தான் எத்தனை சிறுத்தை என்று பிரித்து எண்ணுகிறார்கள். அந்தத் தொள்ளாயிரம் மாட்டுப் படமும் வீண் இல்லை. மேய்ச்சல் எந்த மாதம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

காப்புக்காடாக ஏற்கெனவே இருந்த இடத்தைச் சரணாலயம் என்று பெயர் மாற்றினதில் என்ன பெரிய லாபம் என்று ஒரு ஆசிரியர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1882-ம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டத்தின் கீழ் வந்த காப்புக்காடு அடிப்படையில் மரத்துக்கான ஏற்பாடு. யார் வெட்டலாம், யாருக்கு எவ்வளவு என்பதுதான் அதன் கவலை. சரணாலயம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் எல்லையை மாற்ற வேண்டுமானால் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். மாநில அரசு ஒரு ஆணையில் கைவைத்துவிட முடியாது. வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்துக்கே உரிய உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு சரணாலயம், யானை வழித்தடம், காப்புக்காடு எல்லாவற்றுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஒரே ஆண்டில், 2022 டிசம்பரில், அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். சரணாலயம் பட்டியலில் நின்றது. காவிரி தெற்கு அறிவிப்பு வந்தது அதற்கு ஒரு மாதம் முன்பு. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆசிரியருக்குப் பதில் கிடைத்துவிடும்.

வரைபடத்தை விரித்தால் இன்னொன்றும் தெரியும். பெங்களூரு ஓரத்துப் பன்னேர்கட்டாவில் ஆரம்பிக்கும் காடு, ஜவளகிரி, அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கு இறங்கி, ஆற்றைத் தாண்டி கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம், மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று நீலகிரி வரை கை கோத்துக்கொண்டு போகிறது. கர்நாடகம் தன் கரையை 1987-லேயே சரணாலயம் ஆக்கிவிட்டது. சத்தியமங்கலம் 2008-ல் சரணாலயம், 2013-ல் புலிகள் காப்பகம். நடுவில் நம் பக்கம் மட்டும் இடைவெளி. கோத்த மாலையில் நாலு பூ விட்டுப்போன மாதிரி இருந்ததை 2014-ம் 2022-ம் நிரப்பின.

யானைக்கு இந்த வரைபடம் எப்போதோ தெரியும். ஆண்டுதோறும் மழை ஓய்கிற நேரம், அக்டோபர் கடைசி தொடங்கி, பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரிக்குள் வரும். பிளிக்கல்–ஜவளகிரி வழித்தடம் என்பது காகிதத்தில் இப்போதைய பெயர். அங்கிருந்து தளி, தேன்கனிக்கோட்டை. ஒரு பிரிவு ஓசூர் சானமாவுக் காட்டில் முகாம் போடும். பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும். அன்றைக்கு ராத்திரி வனத்துறை ஆட்கள் லாரிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு டார்ச் லைட்டோடு நிற்பார்கள். சூளகிரி தாண்டி ஆந்திர எல்லை வரை நடை நீளும். எண்பதுகளில் அப்படி நடந்து போன கூட்டம் சித்தூர்க் காட்டிலேயே தங்கிவிட்டது. யானையே இல்லாதிருந்த அந்த மாவட்டத்தில் அவற்றுக்காகவே 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் உண்டானது.

பிரச்சினை, அந்த மாதங்களில்தான் கேழ்வரகும் கதிர் பிடிக்கிறது. பரண் மேல் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் காட்டு உயிர்ப் பாதுகாப்பு என்ற சொல்லின் எடை வேறு மாதிரித் தெரியும். தளி பக்கம் ஒரு பெரியவரோடு அப்படி உட்கார்ந்திருக்கிறேன். தகர டப்பா, பட்டாசு, தீவட்டிக்குச் சாக்கு, போர்த்திக்கொள்ளக் கம்பளி. பதினோரு மணிக்கு மேல் மூங்கில் ஒடிகிற மாதிரி சத்தம். அவர் என் தோளை அமுக்கி, "பேசாத சாமி, ஒண்டி ஆனையில்ல இது, அஞ்சாறு இருக்குது, எல்லாமே ஆணுங்க" என்றார். இருட்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பொட்டை இருந்தா குட்டி இருக்கும், குட்டி இருந்தா சத்தம் இருக்கும். இவனுங்க திருட வந்தவனுங்க, சத்தமே போட மாட்டானுங்க."

பெரியவர் சொன்னதை அறிவியல் 2019-ல் எழுதியது. தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, 1,445 புகைப்படங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. பொதுவாகப் பருவம் வந்த ஆண் யானை தனியாகத் திரியும் என்பது பாடப்புத்தகம். பயிரும் மனிதரும் நிறைந்த இடங்களில் இளம் ஆண்கள் சேர்ந்து நிலையான கூட்டமாகத் திரிய ஆரம்பித்திருக்கின்றன என்று அந்த ஆய்வு சொன்னது. ஆபத்து அதிகம், தீனியும் அதிகம், ஆகவே கூட்டு. ஒவ்வொரு யானையின் காது மடிப்பையும் தந்தத்தின் வளைவையும் பார்த்துப் பதிவு செய்ததால் வந்த பலன் இது. எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் போகும், எது ஆளைத் துரத்தும், எது டப்பாச் சத்தத்துக்கே திரும்பிவிடும் என்று ஆளறிந்து பேச முடிகிறது. விரட்டுவது என்ற ஒரே வைத்தியம் போய், முன்கூட்டி ஊருக்குச் சொல்வது என்ற இரண்டாவது வைத்தியம் வந்தது இப்படித்தான்.

காவிரிக் கரையில் கதை வேறு. ஒகேனக்கல்லுக்கு மேலே ஆற்றோரம் நீர்மருது மரங்கள் கை விரித்து நிற்கும் இடங்களில்தான் சாம்பல் நிற மலையணில் கூடு கட்டுகிறது. கிளையோடு கிளை சேர்ந்த மேற்கூரை வேண்டும் அதற்கு. தரையில் இறங்கி ஓட விரும்பாது. வரிசையில் இரண்டு மருதம் விழுந்தால் அதன் ரோடு அங்கே முடிந்தது. தண்ணீருக்குள் நீர்நாய், முதலை, மெத்தென்ற ஓட்டு ஆமை, மகசீர் மீன். காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018-ல் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலில் ஏறியது. வெடி போட்டு மீன் பிடிக்கிற பழக்கம் இந்த ஆற்றுக்கு ரொம்ப நாள் சாபம். ஒரு தோட்டா போட்டால் குஞ்சு குளுவான் வரை மிதக்கும். பரிசல் ஓட்டுகிறவர்கள், மீனவர்கள், காவலர்கள் என்று எல்லோரும் சேர்ந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் இடத்தில் மட்டும்தான் அது குறைகிறது.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். மேய்ச்சல் விஷயத்தில் அப்படி எழுத முடியாது. ஆலம்பாடி மாடு காவிரிக் கரையில் பிறந்த இனம். பென்னாகரம், அஞ்செட்டிக் காட்டில் பட்டி போட்டு வளர்ந்த மாடு. அந்த இனத்தைக் காப்பாற்ற அரசே தர்மபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடு எங்கும் மேய்ச்சல் கூடாது என்று சொல்லி, அதே மாதம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. எட்டு மாதம் கழித்து இந்தக் காடு சரணாலயம் ஆனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பட்டிக்காரர் நிலைமை என்ன? 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் வழக்குகளால் பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. மாடு அதிகமானால் மானுக்குப் புல் இல்லை, உண்ணிச்செடி மண்டும் என்பதும் உண்மை. மாட்டை வெளியேற்றின இடத்தில் காட்டைக் கண்காணிக்கிற பட்டிக்காரர் கண்ணும் போய்விடும் என்பதும் உண்மை. கூட்டங்களில் குழுக்கள் இதைப் பேசாமல் நழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். நழுவினது தப்பு என்றே நினைக்கிறேன்.

வேலியும் அப்படித்தான். 2023 மார்ச் 7-ம் தேதி மாரண்டஅள்ளி பக்கம் காளிக்கவுண்டன்கொட்டாயில் தோட்டத்தைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தப்பி, செத்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த படத்தை ஊரே பார்த்தது. இரண்டு வாரம் கழிவதற்குள் கம்பைநல்லூர் பக்கம் ஏரிக்கரை மேட்டில் ஏறிய யானை, தாழத் தொங்கிய உயரழுத்தக் கம்பியில் பட்டு விழுந்தது. இரண்டும் சரணாலயத்துக்கு வெளியே. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. நேரடி மின்சாரம் இல்லாமல் பேட்டரியில் விட்டு விட்டுத் தட்டுகிற சோலார் வேலிக்கும் இந்தக் கொலைக் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு கொட்டாயாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்வாரியத்திடம் தாழ்ந்த கம்பிகளைத் தூக்கிக் கட்டச் சொல்லி மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பம் எண் எழுதி, போட்டோ எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக் கொடுத்தால்தான் மனு நகரும். மறுபடியும் அளவு நாடா, மறுபடியும் நோட்டு.

போன முறை எங்களோடு கோட்டில் நடந்த காவலருக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அக்டோபர் பிறந்ததும் அவர் ஒவ்வொரு ராத்திரியும் கிராமத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுவார். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், மூச்சு வாங்க, அதிகமாகப் போனால் பத்து வினாடி. "ஜவளகிரி தாண்டிடுச்சுங்க. ஏழு உருப்படி. ஏரிப் பக்கம் தண்ணி கட்டப் போறவங்க இன்னிக்குப் போவாதீங்க." கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள் விழும். ஒருத்தர் மட்டும் எப்போதும் கேட்பார்: "எந்தக் கூட்டம்ணா, போன வருசத்து ஒத்தக்கொம்பனும் இருக்குதா?"